பிஒய்டி சீல் எலெக்ட்ரிக் கார்ல இருந்து ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் பெட்ரோல் கார்: மிதிச்சா ஒரு செகண்ட் லேட்டா?

சீல்ல இருந்து ஆக்டேவியா ஆர்எஸ்க்கு மாறினதும், 60ல போகும்போது ஓவர்டேக்குக்கு ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஒரு செகண்ட் சும்மா இருந்துட்டு அப்புறம்தான் பாயுதுன்னு சொல்றீங்கள்ல, அது பெரும்பாலும் ஃபால்ட் இல்ல ப்ரோ. டி (நார்மல் டிரைவ்) மோட்ல டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மைலேஜுக்காக மேல் கியர்லயே உக்காந்திருக்கும், மிதிச்சதும் கியர் இறங்கி டர்போ பூஸ்ட் (எஞ்சினுக்குள்ள காத்தைத் தள்ற அழுத்தம்) ஏறி வரணும். ஆனா பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸ்ல கியர் மாத்துற வேலையே கிடையாது, 670 என்எம் டார்க் (இழுவை) பட்டுனு வந்துரும், காலு அதுக்குப் பழகிருச்சு.

செக் பண்ண, அதே ரோட்ல ஸ்டீயரிங் பின்னாடி இருக்கிற கியர் பேடில்ல 3வது கியருக்கு இறக்கி, ஆர்பிஎம் 2500 தாண்டினதும் மிதிச்சுப் பாருங்க. உடனே இழுத்தா வண்டி ஓகே, ஓவர்டேக்குக்கு முன்னாடி எஸ் (ஸ்போர்ட்) மோட் போட்டுக்கங்க.

அப்பவும் மந்தமா இருந்தாலோ, குலுங்கினாலோ, செக் எஞ்சின் லைட் வந்தாலோ ஸ்கேன் போடச் சொல்லுங்க, பூஸ்ட் லீக்கா இருக்கலாம். இன்னொன்னு, ஸ்டார்ட் பண்ணதும் ஈவி மாதிரி முழுசா மிதிக்காதீங்க, ஆயில் சூடாகட்டும்.