வைகை மணலில் எழும் மிருகம் பொம்மையாகத் தெரிந்தால்

நண்பரே, உங்கள் குறும்படத்தில் வைகை மணலிலிருந்து எழும் 50 அடி மிருகத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த 2 அடி ஃபோம் உருவத்தில் குறையில்லை, வேகம்தான் தப்பு. 50 அடிக்கு 2 அடி என்றால் அளவு 25-ல் 1 பங்கு. சின்ன உருவம் பெரிதாகத் தெரிய, அந்த எண்ணின் வர்க்கமூலம் எத்தனையோ அத்தனை மடங்கு அசைவை மெதுவாக்க வேண்டும். 25-இன் வர்க்கமூலம் 5. ஆகவே நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 120-ல் எடுத்து 24-ல் ஓட்டுங்கள், உடம்புக்குக் கனம் வந்துவிடும். 1954-ல் வந்த காட்ஜில்லாவிலும் கூடுதல் வேகத்தில்தான் எடுத்தார்கள். ஆனால் திரையில் 10 நொடி வரும் நடையை நீங்கள் 2 நொடியில் இழுத்து முடிக்க வேண்டும். கை தடுமாறுவது இங்கேதான், ஒத்திகை பார்க்காமல் எடுக்காதீர்கள்.

கேமரா தரையிலிருந்து இரண்டரை அங்குலத்தில் இருக்கட்டும். அந்த அளவில் மனிதக் கண் உயரம் அவ்வளவுதான். போர்ட்ரெய்ட் மோடு வேண்டவே வேண்டாம்; பின்னணி மங்கினாலே பொம்மை என்று தெரிந்துவிடும். வீட்டு எல்இடி வெளிச்சம் 120 ஃபிரேமில் மினுக்கும், காலை வெயிலில் எடுங்கள். மணலை மாவுச் சல்லடையில் சலித்துத் தூவுங்கள். தண்ணீர் தெறிக்கும் ஷாட்டை நீக்கிவிடுங்கள், துளியைச் சின்னதாக்க முடியாது. மதுரை ஒத்தக்கடைப் பக்கம் வெட்டவெளியில் வைத்தால் பின்னால் யானைமலையே செட்டாக நிற்கும்.