மெட்ரிக் குடும்பம் எப்போது கச்சிதமாகும்? கேள்வி பதில்

பொள்ளாச்சி, எம்.எஸ்சி. மாணவி: ஐயா, ரீமான் மெட்ரிக்குகளின் (வளைந்த வெளியில் தூரத்தை அளக்கும் விதிகளின்) எந்த வரிசையை எடுத்தாலும் அதில் ஒருங்கும் உள்வரிசை கிடைக்கணும்னா, அதாவது குடும்பம் கச்சிதமாகணும்னா, என்ன வேணுங்க?

நல்ல கேள்வி கண்ணு. பரிமாணத்தை மாற்றாமல் மூன்றைக் கட்டிப்போடணும்: பிரிவு வளைவு (ஒவ்வொரு இருபரிமாணத் திசையிலும் வெளி வளையும் அளவு) இருபுறமும் வரம்புக்குள், விட்டத்துக்கு (இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகப் பெரிய தூரத்துக்கு) மேல்வரம்பு, கன அளவுக்குக் கீழ்வரம்பு. இவை இருந்தால் இன்ஜெக்டிவிட்டி ஆரம் (ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் நேர்ப்பாதைகள் ஒன்றையொன்று சந்திக்காத தூரம்) ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. கணிதவியலாளர் ஜெஃப் சீகர் 1970-இல் நிறுவிய முடிவுறுமைத் தேற்றத்தின் (இந்த வரம்புகளுக்குள் வெளிகளின் வகைகள் முடிவான எண்ணிக்கையில்தான் உண்டு) உயிர் இதுதான். அப்புறம் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரே அளவில் ஹார்மோனிக் ஆயங்களை (லாப்லாஸ் சமன்பாட்டை நிறைவுசெய்யும் ஆயங்களை) விரிக்கலாம்; அவற்றில் மெட்ரிக்கின் கூறுகள் சீராக அடங்கும்; அர்சேலா–அஸ்கோலி (சீராக அடங்கிய சார்பு வரிசையில் ஒருங்கும் உள்வரிசை தரும் தேற்றம்) மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒன்றை மறக்காதே: டிஃபியோமார்பிசங்களால் (வெளியை மென்மையாக, திரும்ப மாற்றக்கூடியபடி நகர்த்தும் சார்புகளால்) இழுத்துப் பொருத்திய பிறகுதான் ஒருங்கும்.

ஈரோடு, ஆய்வு மாணவர்: கன அளவு நிபந்தனையை விட்டால் என்ன ஆகுங்க?

சரிந்துபோகும். ஓர் அலகு சுற்றளவுள்ள வட்டத்தையும் எப்சிலான் (மிகச் சிறிய) சுற்றளவுள்ள வட்டத்தையும் பெருக்கித் தட்டை டோரஸ் (வளைவே இல்லாத வளையப் பரப்பு) செய்யுங்க. பவானி ஜமக்காளத்தை எவ்வளவு இறுக்கிச் சுருட்டினாலும் உள்வளைவு பூச்சியம்தான், அதுபோல. எப்சிலான் குறையக் குறைய டோரஸ் வெறும் வட்டமாகிவிடும்.

கரூர்: என் வரிசையில் கூறுகள் ஆயங்களில் சிதறுதுங்க. அப்போ கச்சிதம் இல்லைதானே?

டிஃபியோமார்பிசம்! முதல் பதிலின் கடைசி வரி.

நாமக்கல்: ஒரே மெட்ரிக்கையே வேறு வேறு டிஃபியோமார்பிசங்களால் இழுத்தேன், ஒருங்கலைங்க.

அதே வரி. மறுபடி கேட்டால் பதில் இல்லை.

தாராபுரம்: லோரன்ஸ் மெட்ரிக்குக்கும் (காலத்தையும் சேர்த்து அளப்பதற்கும்) இது பொருந்துமாங்க?

என் துறை இல்லை. பொதுச் சார்பியல் படித்தவரைக் கேளுங்க.

திருப்பூர்: கோளத்துக்குக் கன அளவு நிபந்தனையே வேண்டாம்ங்க. வளைவு ஒன்றுக்குள் இருந்தால் காஸ்–போனே தேற்றப்படி (மொத்த வளைவு = 2π × ஆய்லர் எண்) பரப்பு 4π-க்குக் குறையாது.

இரு பரிமாணக் கோளத்துக்கு முழுக்கச் சரி, அருமையாகப் பிடிச்சிருக்கீங்க. பொதுவாக, ஆய்லர் எண் (வடிவத்தின் துளைகளைப் பொறுத்த எண்; கோளத்துக்கு 2) பூச்சியம் இல்லாத பரப்புகள் எல்லாவற்றுக்கும் இது செல்லும்.

ஈரோடு, அதே மாணவர்: முப்பரிமாணக் கோளத்துக்குச் செல்லாதேங்க! ஹாஃப் இழைகளை (அந்தக் கோளத்தை நிரப்பும் வட்டங்களை) சுருக்கினால் வளைவு வரம்புக்குள் இருக்க, இரு பரிமாணக் கோளமாகச் சரியுது.

ஆமாங்க, பெர்ஜே கோளங்கள். ஒற்றைப் பரிமாணத்தில் ஆய்லர் எண் பூச்சியம், அதனால் காவல் இல்லை. நான்கு பரிமாணக் கோளத்தில் காஸ்–போனே–செர்ன் (அதே தேற்றத்தின் உயர்பரிமாண வடிவம்) காப்பாற்றும்.

திருப்பூர்: அப்போ ஆய்லர் எண் பூச்சியம் இல்லைன்னா வளைவு வரம்பு மட்டுமே போதும்ங்க.

போதாது! விட்டத்தை விட்டுட்டீங்க. இரண்டு துளையுள்ள பரப்பில் வளைவு −1 என்று வையுங்க. பரப்பளவு எப்போதும் 4π. ஆனால் ஒரு மூடிய ஜியோடெசிக்கை (பரப்பின் மீது நேராகச் செல்லும் பாதையின் வளையத்தை) சுருக்கிக்கொண்டே போனால் கழுத்து நீண்டு விட்டம் முடிவிலிக்கு ஓடும், இன்ஜெக்டிவிட்டி ஆரம் பூச்சியத்துக்குப் போகும்.