பேன் இருக்கும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் சபையில் ஆண்டுதோறும் மே மாதம் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறோம். இவ்வாண்டு மூன்றாம் நாளில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் தலையில் பேன் ஊர்வதை அருகில் இருந்த பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அன்றைய பாடம் எகிப்தின் வாதைகள், அவற்றில் மூன்றாவது பேன் என்பதால், "மூன்றாம் வாதை வந்துவிட்டது" என்று அவர்கள் கூச்சலிட, அவள் அழுதுகொண்டே வெளியே ஓடினாள். மூத்த ஆசிரியர் ஒருவர், பேன் ஒழியும்வரை மகளை அனுப்ப வேண்டாம் என்று அவளுடைய தாயிடம் சொல்லிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மற்றப் பெற்றோரும் கவலைப்படுகிறார்கள். இனி இப்படி நேர்ந்தால் என்ன செய்வது?
- ஞாயிறு பள்ளி ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது, சகோதரி. பேனுக்குத் தாவவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. தலையோடு தலை ஒட்டும்போதுதான் அது பெரும்பாலும் இடம் மாறுகிறது. தலைப்பேன் எந்த நோயையும் பரப்புவதில்லை. முதன்முறையாகப் பேன் பற்றியவர்களுக்கு அரிப்புத் தொடங்கவே 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம் என்பதால், மூன்றாம் நாளில் கண்ணில் பட்ட பேன் பல வாரங்களாகவே அவள் தலையில் இருந்திருக்கக்கூடும். அவளை வர வேண்டாம் என்று தடுத்ததால் காப்பாற்றப்பட்டவர் எவரும் இல்லை. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று சொல்வார்களே, உங்கள் மூத்த ஆசிரியர் செய்தது ஏறக்குறைய அதுதான்.

பேனைக் கண்டால் அன்றைய வகுப்பு முடியும்வரை பிள்ளையை வழக்கம்போல் இருக்க விடுங்கள். தலைகள் ஒட்டி விளையாடும் விளையாட்டை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளுங்கள். அழைத்துப்போக வரும் தாயிடம், பிறர் காதில் விழாதபடி ஆசிரியை ஒருவர் மட்டும் பேசட்டும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பேன் பார்ப்பது வேண்டாம். அன்று மாலையே எல்லாப் பெற்றோருக்கும் ஒரே குறிப்பை அனுப்பலாம்: "பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் பேன் காணப்பட்டது, இன்றிரவு உங்கள் பிள்ளையின் தலையைப் பாருங்கள், பேன் இருந்தால் வீட்டில் ஒரே பாயில் படுப்பவர்களின் தலையையும் பாருங்கள்." பெயர் வேண்டாம், வகுப்பும் வேண்டாம்.

மருந்தை ஆலயத்தில் வைத்து நீங்கள் போடக் கூடாது. அது பெற்றோரின் பொறுப்பு. 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் வழக்கமாகப் பயன்படுவது. கண்டிஷனர் கலவாத ஷாம்பூவால் கழுவித் துவட்டிய ஈரத் தலையில் அதைத் தடவி, 10 நிமிடம் கழித்து அலச வேண்டும். பலர் இத்தோடு நிறுத்திவிட்டு, பத்துப் பதினைந்து நாளில் மீண்டும் பேன் தென்பட்டதும் ஆலயத்தையோ பக்கத்து வீட்டையோ குறைசொல்கிறார்கள். அந்த மருந்து பேனைக் கொல்லுமே தவிர ஈரைக் கொல்லாது. ஈர் பொரிக்க 8, 9 நாள் ஆகும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிடும் முன், முதல் பூச்சிலிருந்து 9ஆம் நாளில் மறுபடி பூச வேண்டும். முதல் நாளே பேனைக் கண்டுபிடித்துவிட்டால், இரண்டாம் பூச்சு உங்கள் நிறைவு விழாவன்று வருகிறது. அதை நினைவூட்டுவது உங்களுக்கு எளிது. மருந்து வாங்க இயலாத வீடுகளில், ஈரத் தலையில் கண்டிஷனர் தடவி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பேன் சீப்பால் பொறுமையாக வாரி வரலாம். குறைந்தது இரண்டு வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

மண்ணெண்ணெய் தீப்பற்றும், அதைத் தலையில் தேய்க்கவே கூடாது. சீத்தாப்பழ விதைப் பொடி கண்ணில் விழுந்து கருவிழி புண்ணானவர்கள் நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். பாட்டி வைத்தியம் என்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது.

நாடகத்துக்குச் செய்யும் காகிதக் கிரீடத்தைப் பிள்ளைக்கு ஒன்றாகச் செய்து பெயர் எழுதுங்கள். தேவதூதர் வேடமிடும் சிறுமிகள் சீப்பையும் கிளிப்பையும் வீட்டிலிருந்தே கொண்டுவரட்டும். மற்றபடி ஆலயத்தில் பூச்சிமருந்து அடிக்கத் தேவையே இல்லை. தலையை விட்டு விழுந்த பேன் இரத்தம் கிடைக்காமல் ஓரிரு நாளில் செத்துவிடும். பாய்களைக் கூட்டி உதறினாலே போதும்.

இதையெல்லாம் அடுத்த மே மாதத்துக்குத் தள்ளிவைக்காமல், இந்த வாரமே அந்தச் சிறுமியின் வீட்டுக்குச் சென்று வாருங்கள். மூத்த ஆசிரியரும் உடன் வந்தால் நல்லது.

கேள்வி: மருந்தை இரண்டு முறை போட்டு, பேன் ஒன்றுகூட இல்லாத நிலையிலும், முடியில் வெள்ளையாக ஈர் ஒட்டியிருக்கிறது என்று என் மகளைச் சபையின் சிறுவர் முகாமில் சேர்க்க மறுக்கிறார்கள். இது முறையா?
- வாசகி, மதுரை

பதில்: முறையன்று. தலைத்தோலிலிருந்து விலகி, முடியின் நடுவிலோ நுனியிலோ ஒட்டியிருப்பவை பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடுகளே. 'ஈர் முழுவதும் போனால்தான் பிள்ளை வரலாம்' என்ற விதியைக் கைவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பே பள்ளிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. அதை முகாம் பொறுப்பாளரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். அந்த வெள்ளை உங்கள் கண்ணையும் உறுத்துமானால் பேன் சீப்பால் வாரி எடுத்துவிடலாம். அதற்காகப் பெண்பிள்ளையின் முடியை ஒட்ட வெட்டிவிடாதீர்கள்.