ரெண்டு டிபி பென்டிரைவும் ஜெராக்ஸ் கடை ஆதாரும்: காலேஜ்காரங்க கேள்வி, நம்ம பதில்

இந்த வாரம் வந்ததெல்லாம் காலேஜ், யுனிவர்சிட்டி பக்கத்துல இருந்துதானுங்க. ஃபீஸ் கட்டற சீசன் வேற. கடுதாசி எல்லாத்தையும் சுருக்கிப் போட்டிருக்கேன்.

கேள்வி: ஆன்லைன்ல 2 டிபி (அதாவது 2,000 ஜிபி) பென்டிரைவ் 499 ரூபாய்க்கு வாங்கி தீசிஸ் டேட்டா பூரா ஏத்தினேன். ஃபைல் பேரெல்லாம் தெரியுது, திறந்தா உள்ள ஒண்ணுமில்ல. (ஆராய்ச்சி மாணவர், வடவள்ளி)

பதில்: அதுக்குள்ள இருக்கறது 16 ஜிபியோ 32 ஜிபியோதான். 2 டிபினு கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்ற மாதிரி சிப்ப மாத்தி விக்கறாங்க. நெசமான எடம் ரொம்புனதுக்கப்பறம் ஏத்தறது பழசு மேலயே எழுதிட்டுப் போகும், இல்லீனா எங்கயுமே எழுதாது, ஆனா பேரு மட்டும் லிஸ்ட்ல ஜம்முனு நிக்கும். என்ர மேசை டிராயர்லயும் 1 டிபினு போட்டது ஒண்ணு கெடக்குது, சிலுவாட்டுக் காசுல வாங்குனது. இனி வாங்குனா, ரிட்டர்ன் தேதி தாண்டறதுக்குள்ள எச்2டெஸ்ட்டபிள்யூங்கற இலவச புரோகிராம ஓடவிட்டு முழுசா எழுதிப் பாத்துருங்க. இதுக்கு 1915ல, அதான் தேசிய நுகர்வோர் உதவி எண், புகார் குடுங்க. தீசிஸுக்கு வேற காப்பியே வெக்காததுக்கு எங்கயும் புகார் குடுக்க முடியாது தம்பி.

கேள்வி: இன்னைக்கே கட்டுனா ஃபீஸ்ல தள்ளுபடினு காலேஜ் முத்திரையோட வாட்ஸ்அப்ல லிங்க் வந்துச்சு. பொண்ணுக்கு 38,000 ரூபா ஜிபேல கட்டிட்டேன். காலேஜ்ல கேட்டா அப்படி எதும் அனுப்பலைங்கறாங்க. (தேங்காய்க் களம் வெச்சிருக்கறவர், காங்கேயம்)

பதில்: ஐயா, வெசனப்படாதீங்க, உங்க மேல தப்பில்ல. கடைசித் தேதி, பொண்ணு படிப்பு, காலேஜ் முத்திரை, மூணையும் ஒண்ணாக் காட்டுனா எந்த அப்பனும் கட்டத்தான் செய்வான். இன்னும் பண்ணலைனா இப்பவே 1930க்கு, அதான் சைபர் மோசடி உதவி எண், போன் போடுங்க. பணம் ஒரு அக்கவுண்ட்ல இருந்து இன்னொண்ணுக்குத் தாவிட்டே இருக்கும், நடுவுல எங்கயாச்சும் நிக்கறத அவங்க சொல்லி பேங்க் நிறுத்தி வெக்கும், அதனால ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அப்பறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல புகார், உங்க பேங்குக்கு எழுத்துல ஒண்ணு. யூடிஆர் நம்பர் (பணம் அனுப்புனதுக்கு வர்ற அடையாள நம்பர்), அந்த லிங்க், மெசேஜ் எதையும் அழிச்சுப்போடாதீங்க. மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா நஷ்டம் உங்களுக்கில்லைனு ரிசர்வ் வங்கியோட 2017 சுத்தறிக்கையச் சிலபேர் காட்டுவாங்க, ஆனா நாமளே பின் போட்டு அனுப்புனதுக்கு அது பொருந்தறது கஷ்டம். முழுசும் திரும்பும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க, போன பணத்த வாங்கித் தர்றேன், கொஞ்சம் கமிஷன் கட்டுங்கனு ஒருத்தன் கூப்புடுவான், அவனும் திருடந்தான்.

கேள்வி: சீனியர் ஒருத்தர் என் பேங்க் அக்கவுண்டையும் ஏடிஎம் கார்டையும் மாசம் 3,000க்கு வாடகைக்குக் கேக்கறாரு. கேமிங் பணம் வருமாம். குடுக்கலாமா? (மூணாம் வருசம், பெருந்துறை)

பதில்: மேல காங்கேயத்துக்காரர் எழுதுனதப் படிச்சீங்களா? அவர மாதிரி ஆளுங்க பணம் மொதல்ல வந்து எறங்கறது இப்படி வாடகைக்கு விட்ட அக்கவுண்ட்லதான். போலீஸ் வந்தா சீனியர் பேரக் கேக்காது, பாஸ்புக்ல இருக்கற பேரத்தான் கேக்கும்.

கேள்வி: ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கப் போன ஜெராக்ஸ் கடைல வாட்ஸ்அப் வெப்ப அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். பரவால்லயா? (பி.காம் மாணவி, பீளமேடு)

பதில்: அம்மணி, மொதல்ல போன எடுத்து வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ் திறந்து அந்தக் கம்ப்யூட்டர லாக்அவுட் பண்ணுங்க. பண்ணியாச்சா? இப்ப என்ர பொலம்பல். எந்தக் காலேஜ் வாசல்ல இருக்கற ஜெராக்ஸ் கடைக்கு வேணா போய் அந்த ஸ்கிரீனப் பாருங்க. 'ஆதார் நியூ', 'ஆதார் நியூ 2', 'பாஸ்புக் லாஸ்ட்', 'டிசி', 'கம்யூனிட்டி', படிப்ப முடிச்சு வேலைக்குப் போன பையனுது வரைக்கும் அப்படியே கெடக்கும். கடைக்காரரச் சொல்லிக் குத்தமில்ல, காத்தால இருந்து கூட்டம், அவர் எதைனு அழிப்பார். ஆனா உங்களுக்கு அடுத்து அந்த மவுஸப் புடிக்கறவன் யாருனு தெரியுமா? இதுல, ஆதார் பிடிஎஃப் திறக்கப் பாஸ்வேர்ட் கேட்டா, பேர்ல மொத நாலு எழுத்தும் பொறந்த வருசமும்ணானு பத்துப் பேருக்கு நடுவுல சத்தமாச் சொல்றது. மெயில் லாகின் பண்ணிட்டு, பாஸ்வேர்ட சேவ் பண்ணட்டுமானு குரோம் கேட்டா எஸ்னு அமுக்கறது. பென்டிரைவக் குத்தி எடுத்தா ஃபோல்டர் பூரா ஷார்ட்கட்டா மாறிக் கெடக்கும், அதையே டிப்பார்ட்மென்ட் லேப்ல கொண்டுபோய்க் குத்தி அத்தன மெஷினுக்கும் சீக்கு ஒட்டவெக்கறது. காய்கறிக் கடைல தராசு முள்ள முறைச்சுப் பாக்கறோமே, இங்க மட்டும் என்ன கூச்சம்? பிரிண்ட் வந்ததும், அண்ணா டவுன்லோட்ல இருந்து அழிச்சிருங்க, ரீசைக்கிள் பின்லயும்னு நின்னு அழிக்கவெச்சுட்டு வாங்க. முழு நம்பர் தேவையில்லாத எடத்துக்கு மாஸ்க்டு ஆதார் குடுங்க, கடைசி 4 எண் மட்டும் தெரியும், ஆதார் வெப்சைட்லயே எறக்கிக்கலாம்.

கேள்வி: காந்திபுரத்துல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் 16,000. விண்டோஸ் 10, ஆபீஸ் எல்லாம் ஃப்ரீயாப் போட்டுக் குடுத்தாங்க. ஆன்ட்டி வைரஸ் மட்டும் ஆன் பண்ணாதீங்கங்கறாங்க, ஏன்? (எம்எஸ்சி மாணவர், கோபி)

பதில்: ஆன் பண்ணா அவங்க போட்ட கிராக்க, அதான் காசு குடுக்காம சாஃப்ட்வேர ஓடவெக்கற திருட்டு புரோகிராம, புடிச்சிரும், அதான். கிராக் கூட வேற என்ன வந்துருக்குனு போட்ட பையனுக்கே தெரியாது. பில் இருக்கானு நீங்க எழுதல, இல்லைனுதான் தோணுது. விண்டோஸ் 10க்கு இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு. உள்ள இருக்கற பிராசசர் இன்டெல் 8வது தலைமுறைக்கு முந்தினதா இருந்தா பெரும்பாலும் விண்டோஸ் 11க்கும் தகுதி இல்ல. இதெல்லாம் காசு குடுக்கறதுக்கு முன்னாடி கேக்கறதுங்க. சுத்தமா அழிச்சுட்டு விண்டோஸுக்குப் பதிலா உபுண்டுங்கற இலவச சிஸ்டம் போடுங்க, ஆபீஸுக்குப் பதிலா லிப்ரே ஆபீஸ் சும்மாவே கெடைக்குது. காலேஜ் மெயில் ஐடிக்கு மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இலவசமா வருதானும் கேட்டுப் பாருங்க.

கேள்வி: மெயில், பேங்க், காலேஜ் போர்ட்டல் எல்லாத்துக்கும் பொண்டாட்டி பேரும் 123ம்தான் பாஸ்வேர்ட். பிரச்சினை வருமா? (உதவிப் பேராசிரியர், சேலம்)

பதில்: வரும் சார்.

கேள்வி: எங்க எச்ஓடி (துறைத் தலைவர்) போட்டோ வெச்ச புது நம்பர்ல இருந்து, மீட்டிங்ல இருக்கேன், அவசரமா 5,000க்கு கிஃப்ட் கார்டு வாங்கிக் கோட் அனுப்புங்கனு மெசேஜ். கேட்டா கோவிச்சுக்குவாரோனு பயமா இருக்கு. (கெஸ்ட் லெக்சரர், பொள்ளாச்சி)

பதில்: அவரோட பழைய நம்பருக்குக் கூப்புட்டுக் கேளுங்க. கோவிச்சா கோவிச்சுட்டுப் போறாரு.