வாசலை மறிக்கும் எதிர்வீட்டுக் கார்: சட்டம் எதைத் தரும், எதைத் தராது?

கேள்வி: மதுரையில் 20 அடி அகலத் தெருவில் எங்கள் வீடு. வீடு அம்மா பெயரில் இருக்கிறது. உள்ளே ஒரு கார் நிறுத்த இடமுண்டு. கேட் ஒன்பது அடி. எதிர்வீட்டுக்காரருக்கு வீட்டுக்குள் இடமில்லை, ஆனால் இரண்டு கார் வைத்திருக்கிறார். ஒன்று அவர் மதில் ஓரமாக நிற்கும். இன்னொன்று எங்கள் கேட்டில் பாதியை மறைத்து நிற்கும். கேட்டால், "தெரு என்ன உங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததா?" என்கிறார். பக்கத்து வீட்டில் வாசலுக்கு முன் கல் போட்டு வைத்திருக்கிறார்கள். நாங்களும் சங்கிலி கட்டி "நோ பார்க்கிங்" போர்டு மாட்டலாமா? காவல் நிலையத்தில் "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டால் புத்தி வரும் என்கிறான் தம்பி.

பதில்: தம்பியை முதலில் அடக்கி வையுங்கள். காற்றைப் பிடுங்கிய அன்றே, புகார் கொடுக்க வேண்டிய நீங்கள் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவீர்கள். அடுத்தவர் பொருளைக் கெடுப்பதும் அதன் பயனைக் குறைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம்) 324-வது பிரிவில் வரும் குற்றம். சாதாரணமாக ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சேதம் 20,000 ரூபாயைத் தொட்டால் சிறை இரண்டு ஆண்டு வரை போகும். கதவில் ஆணியால் ஒரு கோடு இழுத்தாலே சில கார்களில் பெயின்ட் செலவு அந்த அளவுக்கு வந்துவிடும். சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதும், சொந்தச் செலவில் கிரேன் பிடித்து இழுப்பதும் உங்கள் கையில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 127-வது பிரிவின்படி அதற்கு உத்தரவிட வேண்டியவர் அந்த எல்லைக்குட்பட்ட, சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி.

இனி விஷயத்துக்கு வருவோம். எதிர்வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. உங்கள் மதிலுக்கு முன்னால் உள்ள தெரு உங்களுடையதல்ல. அங்கே உங்கள் கார் மட்டும்தான் நிற்கலாம் என்று கேட்க உங்களுக்கு உரிமையில்லை. அவருக்கும் அவர் மதில் ஓரத்தில் அந்த உரிமை இல்லை. ஆனால் பொதுத் தெருவை ஒட்டிச் சொத்து வைத்திருப்பவருக்குத் தன் சொத்திலிருந்து தெருவுக்கு இறங்கவும், தெருவிலிருந்து ஏறவும் தனி உரிமை உண்டு. தெருவில் நடக்கும் எல்லோருக்கும் உள்ள பொது உரிமைக்கு மேலாக, அந்தச் சொத்துக்கே உரிய உரிமையாக நீதிமன்றங்கள் இதை நெடுங்காலமாக ஏற்று வந்திருக்கின்றன. உங்கள் வழக்கு முழுவதும் நிற்பது இந்த ஒரு காலில்தான். "என் வீட்டு முன்னால் நிறுத்துகிறார்" என்று மனு எழுதினால் தோற்பீர்கள். "என் கேட்டை மறிக்கிறார்" என்று எழுதினால் அதே அதிகாரி மனுவை மடித்து வைக்க முடியாது.

கேட்டை மறிப்பது வெறும் மரியாதைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அது விதிமீறல். மோட்டார் வாகனங்கள் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017 ஒரு சொத்தின் நுழைவு, வெளியேறும் வழிகளுக்கு முன் வாகனம் நிறுத்துவதை நேரடியாகவே தடை செய்கின்றன. நடைபாதை மீதும், நிற்கும் வாகனத்துக்குப் பக்கவாட்டில் இன்னொன்றாகவும் நிறுத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு இன்னும் அகலமானது: பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ, தடையோ, அளவுமீறிய சிரமமோ உண்டாகும்படி வாகனத்தை விடக் கூடாது. "பொது இடம்" என்றால் முட்டுச்சந்தும் சேரும். வழி அந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டியதில்லை. 122-ஐ மீறினால் அபராதம் 177-வது பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறைகளில் 1,500 வரை. வாகனத்தை இழுத்துச் சென்றால் அந்தச் செலவும் உரிமையாளர் தலையில்தான்.

இதே 127-ல் "பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விடப்பட்ட வாகனம்" என்றும் ஒரு வரி உண்டு. அதைக் கண்டதும் சிலருக்கு உற்சாகம் பிறக்கும். ஆனால் இரவில் தெருவில் நிற்கும் எல்லாக் கார்களும் அந்தக் கணக்கில் வந்துவிடும், உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கார் உட்பட. மாதக்கணக்கில் தூசி படிந்து கிடக்கும் வண்டிக்குத்தான் அந்த வரி பயன்படும்.

சிக்கலானது அவருடைய முதல் கார்தான். அது உங்கள் கேட்டைத் தொடவில்லை. எதிர் ஓரத்தில் நிற்கிறது. இங்கே நாடா பிடித்து அளந்தால்தான் பேச முடியும். 20 அடித் தெருவில் கண்ணாடியோடு ஆறடி அகலக் கார், மதிலிலிருந்து ஓரடி தள்ளி நின்றால் மீதி 13 அடி. உங்கள் கார் சிறிய ரகமென்றாலும் ஏறக்குறைய 13 அடி நீளம். ஒன்பதடி கேட்டிலிருந்து ஒரே திருப்பில் வெளியே வர முடியாது. நான்கைந்து முறை முன்னும் பின்னும் எடுத்தால் வரலாம். இந்த "வரலாம்" உங்களுக்கு எதிராகப் போகும். சிரமம் உண்டு என்பது வேறு, வழி அடைபட்டது என்பது வேறு. எனவே அந்தக் காரை முழுக்க அகற்றச் சொல்லாமல், கேட்டுக்கு நேர் எதிரே உள்ள பகுதியை விட்டு இத்தனை அடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். கிடைக்கக்கூடியதைக் கேட்பவர் மீது நீதிபதிக்கும் நம்பிக்கை வரும். இன்னொரு கணக்கும் போட்டு வையுங்கள். இரு ஓரத்திலும் கார் நின்றால் நடுவில் மிஞ்சுவது ஆறடி. ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ அதில் நுழையாது. இது உங்கள் ஒரு வீட்டின் குறை என்ற நிலையைத் தாண்டி, தெருவின் குறையாகிவிடுகிறது.

போர்டு, சங்கிலி பற்றிக் கேட்டிருந்தீர்கள். போக்குவரத்துக் குறியீடு வைக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-வது பிரிவில் அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் மட்டுமே உண்டு. உங்கள் கேட்டின் மேலேயே "வழி மறிக்காதீர்" என்று எழுதி வைப்பது வெறும் வேண்டுகோள். அதில் தவறில்லை, பிறகு "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாமலும் செய்யும். தெருவில் கம்பம் நட்டு மாட்டுவது, கல், பூந்தொட்டி, சங்கிலி வைப்பது எல்லாம் ஆக்கிரமிப்பு. பக்கத்து வீட்டுக் கல்லும் அப்படித்தான். உங்கள் கேட்டுக்கு முன் சிமென்ட் சாய்தளம் தெருவுக்குள் நீண்டிருக்கிறதா, கேட் வெளிப்பக்கமாகத் திறக்கிறதா என்று பார்த்துச் சரி செய்துவிட்டுப் புகார் கொடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் படம் எடுக்கப் போவது அதைத்தான்.

ஆதாரம் சேர்க்கும் வேலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம்பர் பிளேட்டை மட்டும் அண்மையில் எடுத்த படத்தால் எதுவும் நிரூபணமாகாது. கார், கேட், உங்கள் கதவு எண், எதிர் மதில் நான்கும் ஒரே படத்தில் வர வேண்டும். ஒரே இடத்தில் நின்று இரண்டு வாரமாவது எடுங்கள். கூடவே ஒரு நோட்டில் தேதி, நிறுத்திய நேரம், எடுத்த நேரம், அன்று எந்த வேலை தடைபட்டது என்று எழுதுங்கள். படங்களை எடுத்த போனிலேயே வையுங்கள்; வாட்ஸ்அப்பில் போய்த் திரும்பி வந்த படம் சுருங்கியிருக்கும், எடுத்த நேர விவரமும் போயிருக்கும். கேமரா இருந்தால் பழைய பதிவு தானாக அழியும் முன் தனியே எடுத்து வையுங்கள். மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63(4)-ன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதி உங்களுடையது, மறுபகுதி நிபுணருடையது. கேமரா அவர் வீட்டுச் சன்னலைப் பார்க்காமல் கேட்டையும் தெருவையும் மட்டும் பார்க்கட்டும்.

இனி ஒரு கடிதம். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டியதில்லை. அம்மா கையெழுத்திட்டு, கேட்டின் அளவையும் நான்கைந்து தேதிகளையும் குறித்து, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். வசவும் மிரட்டலும் கூடாது. இந்தக் கடிதத்தின் பயன் பின்னால்தான் தெரியும். ஒருவரை அவர் போக உரிமையுள்ள திசையில் போகவிடாமல் வேண்டுமென்றே மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 126-ன்படி குற்றம். ஒரு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "ஆள் நடந்து போகலாமே, எங்கே மறித்தேன்?" என்று அவர் வாதாடுவார். "வேண்டுமென்றே" என்பதைக் காட்டத்தான் முன்கூட்டிச் சொன்ன கடிதம் தேவைப்படுகிறது. பொதுவழியில் தடை உண்டாக்குவதற்கு 285-வது பிரிவு தனியே இருக்கிறது. அபராதம் 5,000 ரூபாய் வரை.

அடுத்த முறை கேட் அடைபட்டு வண்டி எடுக்க முடியாமல் நிற்கும்போதே 100 அல்லது 112-க்கு அழையுங்கள். மறுநாள் நிலையத்துக்குப் போய்ச் சொன்னால் அங்கே கார் இருக்காது. காவலரிடம் பேச்சு மட்டும்தான் மிஞ்சும். தடை இருக்கும்போது வந்தால் இ-சலான் போட அவருக்குக் கண்முன் காரணம் இருக்கிறது. அழைத்த நேரத்தையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எழுத்துப் புகாரைப் போக்குவரத்து ஆய்வாளருக்கும் சட்டம் ஒழுங்கு ஆய்வாளருக்கும் தனித்தனியே கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான எண்ணிட்ட ரசீது) வாங்காமல் திரும்பாதீர்கள். "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று உங்களை அனுப்பியபோது கையில் ரசீது இருந்திருந்தால், மாநகரக் காவல் ஆணையருக்கு எழுதும் அடுத்த மனுவில் அதன் எண்ணைக் குறிப்பிட்டிருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. தெருவில் நின்று ஒருவரையொருவர் ஏசிக்கொண்டால், இரண்டு தரப்பும் மனு கொடுத்து, இரண்டு தரப்பையும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 126-ன் கீழ் நிர்வாக நடுவர் முன் நிறுத்தி, ஓராண்டு வரை அமைதி காக்கப் பிணை எழுதி வாங்கும் நிலை வரும். கார் அதே இடத்தில்தான் நிற்கும். பேசப் போகும்போது எதிரே போனில் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தே பேசுங்கள்.

கல், சாய்தளம், கைவிடப்பட்ட வண்டி இவையெல்லாம் மாநகராட்சி மண்டல அலுவலக வேலை. எதிர்வீட்டு அனுமதி வரைபடத்தில் கார் நிறுத்த இடம் காட்டிவிட்டு, அதை வாடகை அறையாக மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகமிருந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபடம் கேட்டுத் தனிநபர் விவரம் என்ற மறுப்பை வாங்குவதைவிட, கள ஆய்வு செய்யச் சொல்லி மனு கொடுப்பது வேகமான வழி. உங்கள் வீட்டையும் சேர்த்து ஆய்வு செய்யலாம் என்பதை மறக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் நிறுத்தும்படி தெருவுக்கு ஒழுங்கு வேண்டுமென்றால், பத்துப் பதினைந்து வீட்டார் கையெழுத்திட்டுப் போக்குவரத்துக் காவலுக்கும் மாநகராட்சிக்கும் கொடுங்கள். வருவாய்க் கோட்டாட்சியரிடம் பொதுத் தொல்லையை நீக்கக் கேட்கும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவும் இப்படிப்பட்ட கூட்டு மனுவுக்குத்தான் பயன்படும். இரண்டு வீட்டுச் சண்டை என்று தோன்றினால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்.

அந்த நீதிமன்றம் உங்களுக்கு மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், பேச்சு வழக்கில் முன்சீப் கோர்ட். கேட்பது நிரந்தர உறுத்துக்கட்டளை (ஒன்றைச் செய்யக் கூடாது என்று நீதிமன்றம் இடும் நிரந்தரத் தடை), கூடவே இடைக்காலத் தடை. பிராதுடன் (வழக்கு மனுவுடன்) இணைக்கும் மாதிரி வரைபடத்தில் கேட்டின் இரு முனைகளையும் எழுத்திட்டுக் காட்டி, "அந்த அகலத்துக்கு முன்பாக வாகனம் நிறுத்தி வாதியின் போக்குவரத்தைத் தடுக்கக் கூடாது" என்று பரிகாரம் எழுத வேண்டும். "எங்கள் தெருவில் நிறுத்தக் கூடாது" என்று எழுதினால் தள்ளுபடி ஆகலாம். அளவில் தகராறு வந்தால் வழக்குரைஞர் ஆணையரை (நீதிமன்றம் நியமிக்கும் வழக்குரைஞரை) அனுப்பி அளக்கக் கேளுங்கள். அவர் அறிக்கையும் வரைபடமும் பத்துச் சாட்சிகளுக்குச் சமம். இடைக்காலத் தடையை மீறினால் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் கட்டளை 39, விதி 2-ஏ-யின்படி சொத்து ஜப்தியும் மூன்று மாதம் வரை சிவில் சிறையும் உண்டு.

வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு கொடுங்கள். வீடு அம்மா பெயரில் இருப்பது இங்கே உதவும்: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அங்கே மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் உடன்பாடு தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே வாசகத்தைக் கவனமாக எழுதச் செய்யுங்கள். கேட்டின் இரு பக்கமும் எத்தனை அடி விட வேண்டும், எதிர் ஓரக் கார் எந்த இடத்தில் நிற்கும், அவசரத்துக்கு யாரை எந்த எண்ணில் அழைப்பது, எத்தனை நிமிடத்தில் எடுக்க வேண்டும் என எல்லாம் எண்ணாகவே இருக்கட்டும். காரின் பதிவு எண்ணை மட்டும் குறிப்பிட்டால் அவர் வேறு கார் வாங்கியதும் அது செல்லாக்காசு. "பிரதிவாதியும், அவர் வீட்டில் குடியிருப்போரும், வாடகைதாரரும், விருந்தினரும் கொண்டுவரும் எந்த வாகனமும்" என்று எழுதச் சொல்லுங்கள்.