இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிச்சா எழுத்தாளராயிடலாமா அக்கா?

கேள்வி: அக்கா வணக்கம். நான் காசிமேடு, கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியத்துல ப்ளஸ் டூ முடிச்சிட்டேன். ஆறாவதுலேர்ந்து நோட்டுல கதை எழுதிக்கிட்டிருக்கேன். தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ்ல பி.ஏ. இங்கிலீஷ் சேரணும்னு ஆசை, லிட்ரேச்சர் எடுத்தா கிரியேட்டிவ் ரைட்டிங் எல்லாம் சொல்லித் தருவாங்கன்னு ஸ்கூல் சீனியர் ஒருத்தங்க சொன்னாங்க. நைனா போட்டுக்குப் போறவரு, பி.காம் எடு, பேங்க் வேலையாவது கெடைக்கும்ங்கறாரு. கிறிஸ்டியன் காலேஜ்னா மதம் மாத்திடுவாங்கன்னு பக்கத்து வூட்டு ஆயா கொளுத்திப் போட்டுட்டுப் போச்சு, அம்மா அதையே புடிச்சிக்கிட்டு இருக்காங்க. எனக்கு ஒரே பயம் தான், இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சேந்தாப்ல பேச வராது. என்ன பண்ணட்டும்?
(பேர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க)

பதில்:

தங்கச்சி, மொதல்ல இங்கிலீஷ் பயத்தை எடுத்துக்குவோம், ஏன்னா நீ எழுதினதுலயே ரொம்பப் பெருசா எழுதினது அது தான், ஆனா இருக்கறதுலயே சின்னது அது தான். மொத மாசம் கஷ்டமா தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். கிளாஸ்ல பாதி பேரு கான்வென்ட்டு, சிபிஎஸ்இ, வாயத் தொறந்தா பீட்டர் வுடுவாங்க, கேன்டீன்ல கூட சமோசாவை இங்கிலீஷ்ல தான் கேப்பாங்க, உனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். ஆனா பாரு, பி.ஏ. இங்கிலீஷ்ங்கறது பேசறதுக்கான கோர்ஸ் கிடையாது, அதுல சாசர்னு ஒரு கவிஞர் வருவாரு, 1400-லயே செத்துப் போனவரு, அவரோட இங்கிலீஷ் இருக்கே, அது அந்த கான்வென்ட் பொண்ணுக்கும் ஒரு வரி புரியாது, லண்டன்லேர்ந்து ஒருத்தியக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சாலும் அவளும் நோட்ஸ் பாத்து தான் படிக்கணும். ஃபொனட்டிக்ஸ்னு ஒரு பேப்பர், அதுல இங்கிலீஷ் 'e'யைத் தலைகீழா போட்ட மாதிரி குறியெல்லாம் வரும், நாக்கு எங்க படுது உதடு எப்படி குவியுதுன்னு படிக்கணும், அதுவும் எல்லாருக்கும் அனா ஆவன்னாலேர்ந்து தான். ஷேக்ஸ்பியரும் அப்படித் தான். ஸ்டைலா பேசத் தெரிஞ்சவங்கள்லாம் அங்க வந்ததும் முழிக்கறதப் பாப்ப. அந்த எடத்துல முந்தறது யாருன்னா, புரியாத பக்கத்தை மூடி வெச்சிட்டுப் போகாம திரும்பத் திரும்பப் படிக்கிறவங்க தான்.

அதுக்கு இப்போலேர்ந்தே ஒண்ணு பண்ணு. பெரிய நாவலெல்லாம் வேணாம், பத்து பன்னெண்டு வயசுப் பசங்களுக்கு எழுதின இங்கிலீஷ் கதை புக்கு எடுத்து சத்தமா படி, மொட்டை மாடில போய் படி, யார் சிரிச்சா என்ன. தெரியாத வார்த்தைக்கெல்லாம் நின்னு டிக்‌ஷ்னரி பாக்காத, நாலு பக்கத்துக்கு ஒரு வாட்டி பாத்தா போதும். சென்ட்ரல் பக்கத்துல அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸ் இருக்குல்ல, 1985-ல மூர் மார்க்கெட் எரிஞ்ச பிறகு பழைய புக் கடைக்காரங்கள்லாம் அங்க வந்தாங்க, சல்லிசா கெடைக்கும், பேரம் பேசு. துட்டு இல்லன்னா எழும்பூர் கன்னிமாராவுக்குப் போய் உக்காரு, 1896-லேர்ந்து இருக்கற லைப்ரரி.

இப்போ ஆயா கொளுத்திப் போட்டதுக்கு வரேன். அம்மாவ ஒதுக்கிடாத, அவங்க பயம் அவங்களுக்கு. கிறிஸ்டியன் காலேஜ்ல காலைல ப்ரேயர் இருக்கும், சேப்பல் இருக்கும், கிறிஸ்துமஸ் வந்தா கேரல் பாடுவாங்க. கிறிஸ்தவப் பசங்களுக்கு பைபிள் வகுப்பு வெச்சா மத்தவங்களுக்கு அந்த நேரத்துல ஒழுக்கக் கல்வி மாதிரி ஒரு வகுப்பு வெக்கறது வழக்கம். அரசியல் சட்டத்துல 28(3)னு ஒண்ணு இருக்கு, கவர்மென்ட் அங்கீகாரமோ உதவியோ வாங்கற எந்தக் கல்வி நிறுவனமும் ஒருத்தரை அவங்க சம்மதம் இல்லாம மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, பதினெட்டு ஆகலன்னா பெத்தவங்க சம்மதம் வேணும். அதாவது உனக்கு இன்னும் பதினெட்டு ஆகலன்னா, கேக்க வேண்டியது உங்க அம்மாவையே தான். இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லு.

அப்புறம் இன்னொண்ணும் சொல்லு. நம்ம நாட்டு ஜனாதிபதியா இருந்தாரே ராதாகிருஷ்ணன், ஆசிரியர் தினம் கொண்டாடறோமே, அவரு அதே கிறிஸ்டியன் காலேஜ்ல ஃபிலாசபி படிச்சவரு தான். அங்க மிஷனரிங்க இந்து மதத்தைக் குறை சொல்றதைக் கேட்டுக் கேட்டு, அப்படி என்ன தான் நம்மகிட்ட இருக்குன்னு பாத்துடலாம்னு வேதாந்தத்துல எறங்கினவரு, எம்.ஏ.வுக்கு அதைப் பத்தியே ஆய்வு எழுதினாரு, வெள்ளைக்கார வாத்தியாரும் அதைப் பாராட்டித் தான் சர்டிஃபிகேட் குடுத்தாரு. கேள்வி கேக்கற பொண்ணு எந்த காலேஜுக்குப் போனாலும் கேள்வி கேட்டுக்கிட்டு தான் வரும்.

அதே சமயம் லிட்ரேச்சருக்கு பைபிள் கதை தெரியாம ஆகாது, இதை மறைக்கறதுல அர்த்தம் இல்ல. மில்டன்ங்கற கவிஞரோட பெரிய காவியம் 'பாரடைஸ் லாஸ்ட்', 1667-ல வந்தது, முழுக்க ஆதாம் ஏவாள் கதை தான். காயீன் யாரு, யோபு யாருன்னு தெரியலன்னா பாதிக் கவிதை தலைக்கு மேல போயிடும். கிறிஸ்தவப் பொண்ணுங்களுக்கு சண்டே கிளாஸ்லயே இது வந்துடும், உனக்கு வராது, அதனால ராயபுரத்துல உனக்குத் தெரிஞ்ச யார் வீட்டுலயாவது தமிழ் பைபிள் வாங்கி ஆதியாகமத்தைக் கதை மாதிரி படிச்சு வெச்சிக்கோ. நாம கம்பராமாயணத்தை அல்லாவைக் கும்புடற பசங்களுக்கும் தமிழ் பாடத்துல நடத்தறோம்ல, அது மாதிரி தான் இதுவும்.

சரி, உண்மையான விஷயத்துக்கு வருவோம். எழுத்தாளராகலாமான்னு கேட்ட. லிட்ரேச்சர் டிகிரி உன்னை எழுத்தாளராக்காது தங்கச்சி. நானும் அதே டிகிரி வாங்கினவ தான், எங்கூட படிச்சதுங்கள்ல கதை எழுதினதுங்க ரொம்பக் கம்மி, டீச்சரானதும் பேங்க்குக்குப் போனதும் தான் அதிகம். மூணு வருஷமும் அடுத்தவங்க எழுதினதைப் படிச்சு, அது எந்தக் காலம், என்ன சண்டை நடந்துச்சு, எந்த ராஜா இருந்தான், விமர்சகர் என்ன சொன்னாருன்னு பரீட்சைல எழுதற வேலை அது. இங்கிலாந்தோட சமூக வரலாறு, பிரிட்டிஷ் இலக்கியம், அமெரிக்கன், இண்டியன் ரைட்டிங், விமர்சனம், இது கூட பார்ட் ஒன்னுல, அதாவது மொழிப் பாடமா, தமிழ். கிரியேட்டிவ் ரைட்டிங்ங்கறது நம்ம பக்கத்து காலேஜுங்கள்ல பெரும்பாலும் ஒரு பேப்பரோட முடிஞ்சிடும். அமெரிக்காவுல இயோவா யுனிவர்சிட்டில 1936-லேர்ந்தே அதுக்குன்னு தனியா பட்டறை நடத்தறாங்க, இங்கிலாந்துலயே 1970-ல தான் மொத எம்.ஏ. வந்துச்சு. அதனால சீனியர் சொன்னாங்கன்னு நம்பிடாம, நீ சேரப்போற காலேஜோட சிலபஸை எடுத்து அந்தப் பேப்பர் எந்த செமஸ்டர்ல இருக்கு, கட்டாயமா விருப்பப் பாடமான்னு பாத்துக்கோ.

அந்த ஒரு பேப்பரையும் கேவலமா நெனைக்காத. நல்லா நடத்தினா எப்படி இருக்கும்னா, நீ எழுதினதை ஜெராக்ஸ் எடுத்து எல்லார் கைலயும் குடுத்துடுவாங்க, அவங்க பேசுவாங்க, நீ வாயத் தொறக்கக் கூடாது, நான் அப்படி நெனச்சு எழுதலன்னு விளக்கம் குடுக்கக் கூடாது. கண்ணுல தண்ணி வந்துடும் மொத வாட்டி. ஆனா படிக்கிறவன் எந்த எடத்துல கொட்டாவி விட்டான்னு அங்க தான் தெரியும், வீட்டுல நோட்டுக்குள்ள எழுதி மூடி வெச்சா ஆயுசுக்கும் தெரியாது. கேரம் போர்டு பக்கத்துல நின்னு எவ்ளோ நேரம் பாத்தாலும் ஸ்ட்ரைக்கரைத் தொட்டா தான் விரல் பழகும், படிக்கறதும் எழுதறதும் அப்படித் தான், மூணு வருஷம் பாடத்தை மட்டும் படிச்சிட்டு கடைசி செமஸ்டர்ல கதை எழுதலாம்னு உக்காந்தா ஒண்ணும் வராது. தினமும் ஒரு பக்கம் எழுது, தமிழோ இங்கிலீஷோ கலந்தோ, யாருக்கும் காட்டாட்டியும் பரவால்ல.

ஒரு எச்சரிக்கை. அங்க போனதும் உனக்கு ரெண்டு ஆசை வரும். ஒண்ணு, பனி, ஃபயர்ப்ளேஸ், டாஃபடில் பூன்னு கண்ணால பாக்காததை எழுதறது, இது எல்லாருக்கும் வர்ற ஜுரம், தானா எறங்கிடும். ரெண்டாவது தான் பேஜாரு. காசிமேடுன்னு தெரிஞ்சதும் கூடப் படிக்கிறவங்க, ஏன் வாத்தியாருங்களே கூட, வாவ், நார்த் மெட்ராஸா, அதைப் பத்தி எழுதேன்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு வேண்டியது சினிமால பாத்த வடசென்னை, கத்தி, கானா, பாக்ஸிங், சந்துல தொரத்தறது. கை தட்டுவாங்கன்னு அதை எழுதிக் குடுக்காத. உன் வீட்டுல நடக்கறதை எழுது. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரைல நிக்கும், அந்த ரெண்டு மாசம் உங்க வீட்டுல யாருகிட்ட கடன் வாங்கறாங்க, நைனா பகல்ல வீட்டுல இருந்தா என்னெல்லாம் சண்டை வரும், ஐஸ் பேக்டரிக்காரன் என்ன பண்ணுவான், அம்மா கருவாட்டுக்கு மாறுவாங்களா, இதெல்லாம் உனக்குத் தெரியும், வகுப்புல வேற எவளுக்கும் தெரியாது. அதை இங்கிலீஷ்ல எழுதப் பாக்கும்போது தான் அந்த பாஷை உனக்கு வசப்படும், ஏன்னா சொல்றதுக்கு ஒண்ணு இருந்தா வார்த்தையைத் தேடித் தானே ஆகணும்.

நைனாகிட்ட எப்படிப் பேசறதுன்னு கேட்டா, பி.காம் மட்டமானதுன்னு ஆரம்பிக்காத, அது தப்பு. பேங்க் எக்ஸாமுக்கும் டிஎன்பிஎஸ்சி குரூப் டூவுக்கும் ஏதாவது ஒரு டிகிரி போதும், இங்கிலீஷ் படிச்சவங்களும் எழுதலாம், அதுவும் பேங்க் எக்ஸாம்ல இங்கிலீஷ் பேப்பர்ல தான் நம்ம பசங்க நெறைய பேரு விழறாங்க. பி.எட். முடிச்சா ஸ்கூல் இங்கிலீஷ் டீச்சர் ஆகலாம், எம்.ஏ. முடிச்சு, நெட்னு காலேஜ் வாத்தியாருக்கான தகுதித் தேர்வு இருக்கு, அதைப் பாஸ் பண்ணா காலேஜ். மொழிபெயர்ப்பு, சப்டைட்டில் வேலையும் இருக்கு, ரெண்டு பாஷையும் ஒழுங்கா தெரிஞ்சவங்க கெடைக்கறதில்லன்னு தேடறாங்க. எழுதி சம்பாதிக்கப் போறேன்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாத, அதுக்கு நானே கியாரண்டி குடுக்க மாட்டேன்.

தூரம்னு சொல்லுவாரு. அந்தக் காலத்துல அந்த காலேஜ் நம்ம பாரிமுனைல தான் இருந்துச்சு, 1837-ல ஸ்கூலா ஆரம்பிச்சு காலேஜா வளந்து 1937-ல தாம்பரத்துக்குப் போயிடுச்சு, காசிமேட்டுலேர்ந்து நடந்தே போயிருக்கலாம், என்ன பண்றது. இப்போ பீச் ஸ்டேஷன்ல ஏறணும், வண்டி அங்கேர்ந்தே கெளம்பறதால சீட்டு கெடைக்கும், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், அது முழுக்க உனக்குப் படிக்கற நேரம். டிகிரி வரைக்கும் பொண்ணுங்களுக்கு ரயில்வேல செகண்ட் கிளாஸ் மாச சீசன் டிக்கெட் இலவசம், காலேஜ்ல சர்டிஃபிகேட் வாங்கிக் குடுக்கணும், நெறைய பேருக்குத் தெரியாம துட்டு குடுத்து எடுக்கறாங்க. பீச் வரைக்கும் சாதா பஸ்ல லேடீஸுக்கு டிக்கெட் கெடையாது.

பீஸ் தான் உங்க வீட்டுக்கு நெஜமான பிரச்சனை, நீ அதை எழுதவே இல்ல. அட்மிஷன் வர்றது சரியா தடைக்காலத்துல. எய்டட்ல, அதாவது கவர்மென்ட் உதவி வாங்கற பிரிவுல சீட் கெடைச்சா பீஸ் கம்மி, அதே காலேஜ்ல செல்ஃப் ஃபைனான்ஸ், அதாவது அந்த உதவி இல்லாத பிரிவுன்னா ரொம்ப ஜாஸ்தி, லிஸ்ட்ல பேர் வந்துடுச்சுன்னு சந்தோஷத்துல எந்தப் பிரிவுன்னு பாக்காம கட்டிடாதீங்க. கவர்மென்ட் ஸ்கூல்ல ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் படிச்சிருந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா உன் அக்கவுண்ட்டுக்கு வரும். நைனா மீனவர் நல வாரியத்துல மெம்பரா இருந்தா படிப்பு உதவித்தொகைக்கும் எழுதிப் போடலாம். காலேஜ் ஆபீஸ்ல தவணைல கட்ட முடியுமான்னு கேளு, கேக்கறதுக்கு வெக்கப்படாத.

ஒரே காலேஜுக்கு மட்டும் அப்ளிகேஷன் போட்டுட்டு உக்காராத. நுங்கம்பாக்கத்துல விமன்ஸ் கிறிஸ்டியன் இருக்கு, லயோலா இருக்கு, ரெண்டும் உனக்குக் கிட்ட. பிராட்வேல பாரதி விமன்ஸ் இருக்கு, கவர்மென்ட் காலேஜ், பி.ஏ. இங்கிலீஷ் அங்கயும் உண்டு, பீஸும் பெருசா இருக்காது. தாம்பரம் கெடைக்கலன்னா அங்க சேந்து இதே வேலையைச் செய், நான் மேல சொன்னதுல பெரும்பாலும் எந்த காலேஜ்லயும் செய்யக்கூடியது தான். கம்யூனிட்டி சர்டிஃபிகேட் இருக்கான்னு தேடி வெச்சுக்கோ, வருமானச் சான்றுக்கு இந்த வாரமே இ-சேவைல அப்ளை பண்ணிடு, ஜூன்ல போனா கூட்டம் தாங்காது.