அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இரண்டாம் இடத்தில் இருக்கும் தலைவர், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலான பிரைமரியிலேயே தோற்றால் என்ன ஆகும்?

2014-இல் எரிக் கேண்டருக்கு இதுதான் நடந்தது. அப்போது நான் வர்ஜீனியாவில், ரிச்மண்டுக்குப் பக்கத்தில் க்ளென் ஆலனில் இருந்தேன். அவருடைய தொகுதிதான். எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்ததால் ஓட்டு கிடையாது. ஆனால் கிரீன் கார்டுக்குக் காத்திருந்த எங்களுக்கு அந்தத் தேர்தல் வேறு யாருடைய விவகாரமாகவும் இருக்கவில்லை.

கேண்டர் அன்று பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர். சபாநாயகர் ஜான் போய்னர் எப்போது விலகினாலும் அடுத்தது இவர்தான் என்பதே பரவலான பேச்சு. ஜூன் 10 அன்று டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 55.5 சதவீத ஓட்டு வாங்கி அவரைத் தோற்கடித்தார். கேண்டர் தரப்பு 50 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்திருந்தது. பிராட்டின் செலவு அதில் மிகச் சிறிய பங்கு. கேண்டருக்காக எடுத்த கருத்துக்கணிப்பு 34 புள்ளி முன்னிலை என்று சொல்லியிருந்தது! 1899-இல் அந்தப் பதவி உருவானதிலிருந்து பிரைமரியில் தோற்ற பெரும்பான்மைத் தலைவர் வேறு யாரும் கிடையாது.

நம் ஊரில் சீட் தருவது தலைமை. அமெரிக்காவில் அதைத் தொகுதி மக்கள் தருகிறார்கள், தலைவருக்கும் சேர்த்து. வர்ஜீனியாவில் பிரைமரியில் தோற்றவர் பெயர் நவம்பர் ஓட்டுச்சீட்டில் வரவும் முடியாது.

குடியேற்றச் சீர்திருத்தத்துக்கு இணங்கியதால்தான் தோற்றார் என்று அன்றிரவே முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலவையான செனட்டில் குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை எழுதிய எட்டுப் பேரில் ஒருவரான லிண்ட்ஸி கிரஹாம், அதே நாளில் தென் கரோலினா பிரைமரியில் சுமார் 56 சதவீதத்தோடு ஜெயித்தார். கேண்டரின் பிரச்சினை தொகுதியில்தான் இருந்தது. மே மாதக் கட்சி மாநாட்டில் அவர் மேடையில் பிராட்டைத் தாக்கிப் பேசியபோது சொந்தக் கட்சிக்காரர்களே கூச்சலிட்டார்கள். அவர் ஆதரித்த தொகுதிக் கட்சித் தலைவரும் அன்றே தோற்றார். போதாததற்கு டிவியில் பிராட்டை ‘லிபரல் பேராசிரியர்’ என்று திட்டி ஓயாமல் விளம்பரம். எனக்குத் தெரிந்த பலர் பிராட் என்ற பெயரையே அதில்தான் முதலில் கேட்டார்கள். ஓட்டுப்போடும் நாள் காலையில்கூட கேண்டர் வாஷிங்டனில், நிறுவனங்களுக்காக எம்.பி.க்களிடம் ஆதரவு திரட்டும் லாபியிஸ்டுகளோடு ஒரு கூட்டத்தில் இருந்தார்.

சரி, சபையில் என்ன ஆனது? மறுநாளே, ஜூலை 31-ஆம் தேதி தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். எம்.பி. பதவிக்காலம் ஜனவரி வரை இருந்தாலும், அடுத்த வருடம் இல்லாத தலைவரின் வாக்குறுதியை நம்பி யார் ஓட்டுப்போடுவார்? கமிட்டிப் பதவியும் நிதியுதவியும் அவர் கையில் இருக்கும்வரைதான் அந்த அதிகாரம். ஜூன் 19-க்குள் வாரிசுப் போட்டியே முடிந்துவிட்டது. கொறடாவாக இருந்த கெவின் மெக்கார்த்தி, ராவுல் லாப்ரடோரை வென்று பெரும்பான்மைத் தலைவரானார். கொறடா பதவி லூசியானாவின் ஸ்டீவ் ஸ்கலீஸுக்குப் போனது. தென் மாநிலக்காரர் ஒருவர் தலைமையில் வேண்டும் என்ற கோரிக்கையும் அதோடு நிறைவேறியது. எதிரிகள் சுதாரிப்பதற்குள் பதவிகள் கைமாறிவிட்டன என்பதே உண்மை.

ஆள் மாறியது சட்டத்திலும் உடனே தெரிந்தது. போயிங் விமானம் போன்ற அமெரிக்கப் பொருட்களை வெளிநாட்டார் வாங்கக் கடனுதவி தரும் அரசு வங்கியான ஏற்றுமதி இறக்குமதி வங்கியைக் காப்பாற்றி வந்தவர் கேண்டர். அவர் தோற்ற மறுநாளே போயிங் பங்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் சரிந்தது. வலதுசாரிகளின் ஆதரவு தேவைப்பட்ட மெக்கார்த்தி, அந்த வங்கியின் அனுமதியை நீட்டிக்க வேண்டாம் என்று சில நாட்களிலேயே பேசினார். 2015-இல் அது ஐந்து மாதம் காலாவதியாகவே கிடந்தது. அந்த ஆதரவும் அவருக்கு அப்போது போதவில்லை. போய்னர் விலகியபோது சபாநாயகர் போட்டியிலிருந்து அவரே ஒதுங்க வேண்டி வந்தது, பால் ரையன் வந்தார். 2023-இல் ஒருவழியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்த மெக்கார்த்தியை அதே வருடம் அக்டோபரில் 216-210 என்று இறக்கியும்விட்டார்கள்.

எங்களுக்கு விழுந்த அடி குடியேற்ற மசோதா. செனட்டில் 2013-இலேயே 68-32 என்று நிறைவேறியது அது. வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்ற உச்சவரம்பை நீக்கும் பிரிவும் அதில் இருந்தது. இந்தியர்கள் வருடக்கணக்கில் வரிசையில் நிற்பதற்கு அந்த உச்சவரம்பே முக்கியக் காரணம். கேண்டர் ஒன்றும் அந்த மசோதாவின் நண்பர் இல்லை. ‘பொதுமன்னிப்பைத் தடுத்தவன் நான்’ என்ற பொருளில்தான் தொகுதிக்குத் துண்டுப்பிரசுரம் அனுப்பினார். ஆனாலும் அவரே தோற்றபிறகு, பேசிப்பார்க்கலாம் என்றிருந்த உறுப்பினர்களுக்கும் பயம் வந்துவிட்டது. அந்தக் கோடையில் எல்லையில் தனியாக வந்த குழந்தைகளின் கூட்டமும் சேர்ந்துகொண்டது. அந்த வருடம் மசோதா பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்புக்கு வராது என்று போய்னர் சொல்லிவிட்டதாக ஜூன் 30 அன்று ஒபாமா அறிவித்தார்.

2015 மே மாதம் நிர்வாக விதி ஒன்றின் மூலம் எச்1பி ஊழியர்களின் குடும்பத்துக்கான எச்4 விசாவில் இருந்த மனைவிமார் பலருக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்தது. என் மனைவியும் அதில்தான் வேலைக்குப் போனார். சட்டமாக இல்லாமல் வெறும் விதியாக வந்ததால், அதை எடுத்துவிடப் போகிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் வீட்டுக்கடனையும் பிள்ளைகளின் பள்ளியையும் வைத்து மறுபடி கணக்குப் போடவேண்டியிருந்தது. 7 சதவீத உச்சவரம்பில் காங்கிரஸ் இன்னும் கைவைக்கவில்லை.